எண் மட்டும் மாறினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் பற்றி ஒரு நாளிதழுக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுவது இதுதான் எனக்கு முதல் தடவை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பழைய தொடரின் அடுத்த பாகம் வருகிறது என்று செய்தி வந்தாலே போதும், "அரைத்த மாவையே அரைக்கிறார்கள்" என்று ஒரு பக்கம் சொல்வார்கள், "இதுவரை வந்ததிலேயே இதுதான் பிரம்மாண்டம்" என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். அந்தப் பாகம் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகின்றன. நான் சிறு வயதிலிருந்து விளையாடுகிறவன், இன்றைக்கும் வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரமாவது கன்ட்ரோலரைக் கையில் எடுக்காமல் தூங்குவதில்லை. இந்தத் தீர்ப்புகள் இரண்டுமே தப்பான இடத்தைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன என்பது என் கருத்து.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்டு தொடரின், அதாவது பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றித் திரியும் வகைத் தொடரின், புதிய பாகத்தை ஆரம்பித்தேன். பெயர் வேண்டாம், இதே அனுபவத்தை வேறு பல கேம்களிலும் பட்டிருக்கிறேன். புது நாடு, புது நூற்றாண்டு, புது நாயகன். கடல்மேல் விழுந்த மாலை வெயில் அவ்வளவு அழகாக இருந்தது, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு காவலன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடம் வந்தது. குனிந்து நடக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற குறிப்பு திரையின் ஓரத்தில் மெல்லத் தோன்றத் தொடங்கியது. அந்த எழுத்து முழுதாகத் தெளிவதற்குள் என் கட்டைவிரல் அழுத்திவிட்டது, நாயகன் குனிந்து புதருக்குள் போய்விட்டான், காவலன் கதை முடிந்துவிட்டது. மேப்பைத் திறந்தேன், எங்கு பார்த்தாலும் குறிகள். ஒவ்வொரு குறியும் என்ன வேலை கொடுக்கும் என்று தொடாமலே எனக்குத் தெரிந்தது. அன்று மூன்று மணி நேரம் விளையாடினேன், ஒரு தடவைகூட தோற்கவில்லை, ஒரு தடவைகூட நின்று யோசிக்கவும் இல்லை. முந்தைய பாகத்தை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனால் விரல்களுக்கு ஒரு நாள்கூட இடைவெளி விட்டதாகத் தெரியவில்லை.

அதிலிருந்து எந்தத் தொடரையும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் பார்க்கிறேன். போன பாகத்தில் என் கை கற்றுக்கொண்டது இந்தப் பாகத்துக்கும் அப்படியே போதுமா? போதும் என்றால், கதை மாறியிருக்கலாம், கிராபிக்ஸ் மாறியிருக்கலாம், மேப் இரண்டு மடங்கு ஆகியிருக்கலாம், மொந்தைதான் புதிது, கள் பழையதுதான். போதவில்லை, எங்கோ ஓர் இடத்தில் பழைய பழக்கம் என்னைக் கீழே தள்ளிவிட்டது என்றால், அங்கே யாரோ உண்மையிலேயே யோசித்திருக்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் பல தொடர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வது தலைகீழாகிவிடுகிறது. "அதே மேப்பை மறுபடி போட்டுவிட்டார்கள்" என்பது அடிக்கடி காதில் விழும் புகார். ஆனால் செல்டா தொடரில் 2000-ல் வந்த மஜோராஸ் மாஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் வந்த ஒக்கரினா ஆஃப் டைமுக்கு அடுத்து ஒன்றரை ஆண்டுக்குள் வந்த கேம் அது. முந்தைய கேமின் உருவங்களை, ஆட்களின் முகங்களை, அசைவுகளை எல்லாம் அப்படியே திரும்பப் பயன்படுத்தினார்கள். ஆனால் வானத்திலிருந்து ஒரு நிலா விழுந்துகொண்டே இருக்கிறது, கேமுக்குள் மூன்று நாள்தான் அவகாசம், அது முடிவதற்குள் காலத்தைத் திருப்பி முதல் நாள் காலைக்கு வந்தாக வேண்டும். ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று நாளுக்கும் ஒரு நேர அட்டவணை இருக்கிறது. யார் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருப்பார், யாருக்கு எப்போது கடிதம் வரும் என்று கவனித்துக் குறித்துக்கொண்டால்தான் அவர்களுக்கு உதவ முடியும். பழைய முகங்களை வைத்தே இதுவரை யாரும் கேட்காத ஒன்றை நம்மிடம் கேட்டது அந்தக் கேம். முகம் புதிதா என்று பார்த்திருந்தால் அதைக் குப்பை என்று ஒதுக்கியிருப்போம்.

அதே தொடரில் 2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டமும் 2017-ன் பிரெத் ஆஃப் தி வைல்டு நிலப்பரப்பிலேயே நடக்கிறது, வானத்துத் தீவுகளும் பாதாளமும் கூடுதலாகச் சேர்ந்தன. ஆனால் முதல் கேமில் ஒரு மலையைப் பார்த்தால் "எப்படி ஏறுவது" என்று யோசித்த நான், இரண்டாவதில் அதே மலையைப் பார்த்து "எதை எதோடு ஒட்டினால் இதன்மேல் பறக்கலாம்" என்று யோசித்தேன். பலகை, சக்கரம், மின்விசிறி இவற்றை ஒட்டிப் பறக்க முயன்று அது பக்கவாட்டில் சாய்ந்து ஆற்றில் விழுந்ததும், விசிறியைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டி மறுபடி முயன்றதும், இப்படியே ஒரு இரவு முழுக்கப் போனதும் எனக்கு மறக்காது. ஒரே மலைதான்.

மாரியோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. 1985-ல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தபோது நடப்பது, ஓடுவது, தாவுவது, பெரும்பாலும் இவ்வளவுதான் கைக்கு வேலை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1996-ல் சூப்பர் மாரியோ 64 வந்தது. முப்பரிமாணம் என்று அதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறு. கோட்டைக்கு வெளியே ஒரு புல்வெளியில் உங்களை விட்டுவிடுகிறார்கள். அங்கே எதிரி இல்லை, நேரக் கணக்கு இல்லை, ஓடலாம், மரத்தில் ஏறலாம், தண்ணீரில் குதிக்கலாம். கை பழகட்டும் என்று ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. அப்புறம் உள்ளே போனால் ஒரு இடத்தில் பிரானா செடி தூங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் போனால் தாலாட்டு மாதிரி ஓர் இசை கேட்கும். கன்ட்ரோலரின் குச்சியை முழுதாகத் தள்ளி ஓடினால் விழித்துக்கொண்டு கடிக்க வரும். குச்சியைத் தொட்டும் தொடாமலும் சாய்த்தால் மாரியோ பூனை மாதிரி அடி வைப்பான், செடி விழிக்காது. இருக்கிறது இல்லை என்று இரண்டே நிலை கொண்ட பொத்தான்களில் பழகிய விரலுக்கு, "எவ்வளவு" என்ற ஒன்று இருக்கிறது என்று அந்த ஒரு செடி சொல்லிக்கொடுத்தது. எத்தனையோ பேர் முதல் தடவை அதனிடம் கடிபட்டிருப்பார்கள், நானும்தான்.

அதே மாரியோ சலிப்பூட்டிய காலமும் உண்டு. 2006-ல் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தபோது பழைய பக்கவாட்டு ஓட்டத்துக்குத் திரும்பியது சந்தோஷமாகத்தான் இருந்தது. 2009-ல் இன்னொன்று. 2012-ல் சில மாத இடைவெளியில் இரண்டு. பெயரில் "நியூ" இருந்தது, அதே புல், அதே மணல், அதே பனி, அதே வரிசை. கேம்கள் மோசமில்லை, ஒவ்வொரு தாவலும் கச்சிதம். ஆனால் நான்காவதை முடித்தபோது மனதில் எதுவுமே தங்கவில்லை. பிறகு 2023-ல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர் வந்தது. அதிலும் பக்கவாட்டில்தான் ஓடுகிறோம். நடுவில் ஒரு பூவைத் தொட்டால் போதும், அதுவரை அசையாமல் நின்ற பச்சைக் குழாய்கள் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்து நடக்க ஆரம்பித்துவிடும். குழாய் நிலையானது, அதன்மேல் நின்றால் பத்திரம் என்பது முப்பத்தெட்டு வருடப் பழக்கம். அந்தக் கேமை உருவாக்கியவர்கள் பேட்டியில் சொன்ன ஒரு விஷயம் இங்கே முக்கியம், யோசனைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆரம்பக் கட்டத்துக்கு அவர்களுக்குக் கெடு எதுவும் விதிக்கப்படவில்லை.

கெடு என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தொடர்களைச் செய்கிறவர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நான் நம்பவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இதே கேம்களை விளையாடி வளர்ந்து, ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள். காலண்டர்தான் அவர்களை எழுதியதையே திரும்ப எழுத வைக்கிறது.

டூம் ரெய்டரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1996-ல் முதல் கேம். அது ஓஹோவென்று ஓடியதும் 1997, 1998, 1999, 2000 என்று விடாமல் வருடத்துக்கு ஒன்று. செய்தது கோர் டிசைன் என்ற ஒரே நிறுவனம். சலித்துப்போன அந்தக் குழு 1999 கேமின் முடிவில் நாயகி லாரா கிராஃப்ட்டை இடிபாடுகளுக்குள் புதைத்தேவிட்டது. அப்படியும் அடுத்த வருடக் கேம் நின்றுவிடவில்லை, அவளை நினைவுகூர்கிறவர்களின் பழைய கதைகள் என்று சொல்லி ஒன்று வந்தது. நாயகியைக் கொன்ற பிறகும் விடுமுறை கிடைக்காத ஒரு குழுவிடம் புதுமை எங்கே என்று கேட்பது நியாயமா? 2003-ல் வந்த அடுத்த கேம் அரைகுறையாக வெளியாகி அடிவாங்கியது, தொடரே வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது.

அசாசின்ஸ் கிரீடும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போனது. 2009 முதல் 2015 வரை ஒரு வருடம் தவறாமல் பிரதான பாகம் வந்தது. 2014-ல் வந்த யூனிட்டியில் நிரல் பிழையால் முகத்தின் தோல் காணாமல்போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த படங்களைப் பார்க்காத கேமர் இருக்க மாட்டார். 2016-ல் பிரதான பாகம் எதுவும் விடாமல் நிறுத்தினார்கள். 2017-ல் எகிப்தை வைத்து ஆரிஜின்ஸ் வந்தது. அதுவரை அந்தத் தொடரில் சண்டை என்றால், எதிரி ஓங்கும்வரை காத்திருந்து ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். ஆரிஜின்ஸில் அப்படிக் காத்திருந்த என்னை முதல் கூட்டமே அடித்துப் போட்டது. தூரம் பார்த்து, விலகி, லேசான அடி எது பலமான அடி எது என்று முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் மூச்சு விட்டதன் பலன் என்றுதான் அதைப் பார்க்கிறேன். அதன்பின் வந்த ஒடிசியும் வால்ஹல்லாவும் அதே முறையை இன்னும் பெரிய நிலத்தில் பரப்பியவைதான், நூறு மணி நேரம் ஓடும் அளவுக்கு.

காலம் கொடுத்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 1997-ல் அறிவிக்கப்பட்ட டியூக் நியூகம் ஃபாரெவர் 2011-ல்தான் வெளியானது, பதினான்கு வருடம் கழித்து வந்த அதில் ரசிக்க எதுவும் இல்லை. காலத்தோடு, செய்ததைத் தூக்கிப்போடும் துணிச்சலும் வேண்டும். அதை நான் ரெசிடென்ட் ஈவிலில் பார்க்கிறேன். 1996-ல் வந்த முதல் கேமில் கேமரா சுவரில் மாட்டியது மாதிரி ஒரு மூலையில் நிற்கும், அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பயம் சில பாகங்களில் பழகிவிட்டது. நான்காம் பாகத்துக்காக, தொடரைச் செய்யும் கேப்காம் நிறுவனம் பல முயற்சிகளைப் பாதியில் கைவிட்டது, அதில் ஒன்று உருமாறி 2001-ல் டெவில் மே க்ரை என்ற தனித் தொடராகவே ஆனது. கடைசியில் 2005-ல் வந்த நான்காம் பாகம் கேமராவை நாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. குறிபார்க்கும்போது நகர முடியாது. எதிரிகள் நாலு பக்கமும் நெருங்க, நின்று ஒருவன் முழங்காலில் சுட்டு, அவன் தடுமாறும் நேரத்தில் ஓடிப்போய் உதைத்துத் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்பதே கேம் ஆகிவிட்டது. அந்தத் தோள் கேமராவை அப்புறம் எத்தனை கேம்கள் எடுத்துக்கொண்டன என்று எண்ணி முடியாது.

வெற்றி கிடைத்ததும் என்ன நடந்தது? 2009-ல் ஐந்தாம் பாகம், 2012-ல் ஆறாம் பாகம், வெடிச்சத்தம் கூடக்கூடப் பயம் காணாமல்போனது. 2017-ல் ஏழாம் பாகம் வந்தபோது கேமரா நாயகனின் கண்ணுக்கே போய்விட்டது. "இது ரெசிடென்ட் ஈவிலே இல்லை" என்று அன்றைக்குச் சொன்னவர்கள் பலர். உள்ளே போய்ப் பார்த்தால் பூட்டிய கதவு, தேட வேண்டிய சாவி, எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய தோட்டா, மூச்சு விட ஓர் அறை என்று 1996-ன் உயிர் அப்படியே இருந்தது. பழைய உயிரை மீட்பதற்காக உடம்பை முழுதாக மாற்றினார்கள்.

பிரெத் ஆஃப் தி வைல்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அதைச் செய்யத் தொடங்கும்போது, 1986-ன் முதல் செல்டா மாதிரியே தட்டையான ஒரு சோதனைக் கேமை உருவாக்கி, அதில் நெருப்பு வைத்தால் மரம் எரிகிறதா, வெட்டிய கட்டை தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 2017-ல் ஒரு மேம்பாட்டாளர் மாநாட்டில் அதை அவர்களே காட்டினார்கள். முப்பது வருடத்தில் சேர்ந்துபோன "முதலில் இந்தக் குகை, அப்புறம் அந்தக் குகை" என்ற வரிசையை எல்லாம் உதறிவிட்டு, "போ, உன் இஷ்டம்" என்று சொன்ன முதல் கேமிடம் திரும்பிப் போயிருக்கிறார்கள். புதுமைக்கு எப்போதும் முன்னால்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன்.

சரி, மாறவே கூடாத கேம்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன. 1984-ல் பிறந்த டெட்ரிஸில் ஏழு வடிவங்கள் விழுகின்றன, இன்றைக்கும் விழுகின்றன, அதில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை என்றே சொல்வேன். கால்பந்து கேம்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, கால்பந்தின் விதி வருடாவருடம் மாறுவதில்லையே. அங்கே எனக்கு வேண்டியது பெயரில் நேர்மை. ஃபிஃபா தொடர் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு 20-ம் எண் பதிப்பிலிருந்து "லெகசி எடிஷன்" என்று வந்தது, அணிகளும் சட்டைகளும் மட்டும் புதிது, விளையாட்டு முந்தையதுதான் என்று அறிவித்தே விற்றார்கள். அதையும் முழுக் கேம் போல வருடாவருடம் தனியாக விற்றதுதான் எனக்கு உறுத்தியது. அதன் போட்டித் தொடரான பிஇஎஸ் தன் 2021 பதிப்பில் "சீசன் அப்டேட்" என்று பெயரிலேயே சொல்லி, விலையையும் குறைத்துக் கொடுத்தது. வாங்குகிறவரை மதிப்பது என்றால் அதுதான்.

நம் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. புதுமை வேண்டும் என்று கத்துகிற நாமே, வந்ததும் முகம் சுளிக்கிறோம். 2001-ல் செல்டாவைக் கார்ட்டூன் பாணியில் காட்டியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த விண்ட் வேக்கரைத்தான் இன்று தொடரின் மிக அழகான கேம்களில் ஒன்று என்று கொண்டாடுகிறார்கள். சிவிலைசேஷன் தொடரைச் செய்கிறவர்கள், மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு மேம்படுத்தியது, ஒரு பங்கு புதியது என்று கணக்கு வைத்துக்கொண்டு வேலை செய்வதாகச் சொல்வார்கள். ஆனாலும் 2025-ல் வந்த ஏழாம் பாகத்தில் யுகம் மாறும்போது நாம் ஆளும் நாகரிகமே மாறும் என்று வைத்ததற்குப் பழைய ரசிகர்களிடம் கடும் எதிர்ப்பு. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, கட்டி வளர்த்ததைக் கையிலிருந்து பிடுங்கியது மாதிரி இருந்தது. இருந்தாலும் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தார்களே என்பதை மதிக்கிறேன்.

போக்கிமானில் 2022 ஜனவரியில் வந்த லெஜெண்ட்ஸ் ஆர்சியஸில், புல்லுக்குள் பதுங்கி நாமே குறிபார்த்துப் பந்தை எறிந்து போக்கிமான் உயிரினங்களைப் பிடிக்கலாம், சண்டை தொடங்க வேண்டியதே இல்லை. கால் நூற்றாண்டுப் பழக்கத்தை உடைத்த விஷயம் அது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பிரதான பாகங்களான ஸ்கார்லெட்டும் வயலட்டும் அந்த எறிதலை எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு படம் திக்கித்திக்கி ஓடியது, தூரத்தில் நடப்பவர்கள் பொம்மை மாதிரி விட்டுவிட்டு அசைந்தார்கள். முதல் மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றதாக அதை வெளியிட்ட நின்டெண்டோ நிறுவனம் அறிவித்தது. அந்தக் கோடியில் ஒன்று என்னுடையது. அடுத்ததற்கு இன்னும் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குழு தன் மேலதிகாரியிடம் போய்க் கேட்டால், அந்த விற்பனைக் கணக்குதான் பதிலாக வரும். அதற்குப் பிறகு எந்தக் கேமையும் வெளிவருவதற்கு முன்பே பதிவு செய்து வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. கேம் பற்றிய செய்தி உங்கள் நாளிதழில் வரும்போது, எத்தனை பிரதி விற்றது, கிராபிக்ஸ் எப்படி, மேப் எவ்வளவு பெரிது என்பதோடு இன்னும் இரண்டு வரி சேருங்கள். முந்தைய பாகத்தை முடித்த ஒருவர் இதில் புதிதாக எதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், எந்த இடத்தில் அவருடைய பழைய பழக்கம் உதவாது என்று எழுதுங்கள். அப்படி எதுவுமே இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் அது உதவும், மாதக் கடைசியில் யோசித்து யோசித்து ஒரே ஒரு கேம் வாங்குகிற என்னைப் போன்றவருக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்